தைலப் புட்டியை ஒளிக்காதீர்கள்

எங்கள் புறநோயாளர் பிரிவில் ஏறத்தாழ நாள்தோறும் நிகழும் உரையாடல் இது. அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் முழங்கால் வலியோடு வந்து அமர்வார். பரிசோதனை முடிந்ததும், "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா அம்மா?" என்று கேட்பேன். "இல்லீங்க டாக்டர்" என்பார். அவருடைய முழங்காலில் தைலத்தின் மணம் வீசிக்கொண்டிருக்கும். உடன் வந்த மகள் தரையைப் பார்ப்பார். சில வேளைகளில் அந்த மகளின் கைப்பையிலேயே சூரணப் பொட்டலமும் இருக்கும். மூவருக்கும் உண்மை தெரியும். மூவரும் பேசாமல் இருந்துவிடுவோம்.

இந்த மௌனத்தைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன். மூலிகை மருந்து நல்லதா, தீயதா என்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கமன்று. என் கருத்து இதுதான்: எலும்பு, மூட்டு நோயாளிகள் பலருக்கு நேரும் தீங்கு, அவர்கள் உட்கொள்ளும் மருந்தால் மட்டும் வருவதில்லை, அதை மருத்துவரிடம் சொல்லாமல் மறைப்பதாலும் வருகிறது. அப்படி மறைக்கும் நிலைக்கு உங்களைத் தள்ளியதில் மருத்துவர்களாகிய எங்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

என் பிழை ஒன்று

நான் இளம் மருத்துவனாக வேறோர் ஊரில் பணியாற்றிய காலம். பல ஆண்டுகளாக மூட்டு வலியால் துன்புற்ற ஒருவர் இடுப்பு வலியோடு வந்தார். ஊர் ஊராகச் சென்று விற்கும் ஒருவரிடம் வாங்கிய பொடியைத் தின்று வருவதாக வெள்ளந்தியாகச் சொன்னார். "சாப்பிட்டால் இரண்டே நாளில் வலி போய்விடுகிறது" என்றார். நான் அவரைக் கடிந்துகொண்டேன். வரிசையில் நின்ற மற்ற நோயாளிகள் அனைவரும் கேட்கும்படி கடிந்துகொண்டேன். அவர் தலை குனிந்தபடி எழுந்து சென்றார்.

சில மாதங்கள் கழித்து அவர் வீட்டில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து அதே மருத்துவமனைக்கு வந்தார். அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். வேறு மருந்து எதுவும் எடுப்பதில்லை என்று அவர் சொல்லிவிட்டார். அறுவை நன்றாகவே முடிந்தது. அன்று இரவு அவருடைய இரத்த அழுத்தம் சரியத் தொடங்கியது. நீர் ஏற்றினோம், ஏறவில்லை. இரத்தப்போக்கும் இல்லை, நோய்த்தொற்றும் இல்லை. மூத்த மயக்க மருத்துவர் ஒருவர் நோயாளியின் உருண்ட முகத்தையும், மெலிந்த கை கால்களையும், எளிதில் கன்றிப்போகும் தோலையும் உற்றுப் பார்த்துவிட்டு, "இவர் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தாரா?" என்று கேட்டார். வெளியே காத்திருந்த மனைவி அழுதுகொண்டே பையிலிருந்து அந்தப் பொடியை எடுத்துக் கொடுத்தார். மூன்று நாட்களாக அதை அவர் உண்ணவில்லை.

ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்ட சில மணி நேரத்தில் அழுத்தம் ஏறியது. ஊசிக்கு முன் எடுத்த இரத்தத்தில் கார்ட்டிசால் அளவு மிகக் குறைவாக இருந்தது பின்னர் தெரியவந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். "ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்று நான் கேட்டபோது அவர் சொன்ன விடையை இன்றும் மறக்கவில்லை: "சொன்னா மறுபடியும் திட்டுவீங்கன்னு பயந்துட்டேன்."

அந்தப் பொடியை விற்றவர் செய்தது குற்றம், ஐயமில்லை. ஆனால் அந்த நோயாளியின் வாயை அடைத்தவன் நான்.

நாட்டு மருத்துவம் எங்களுக்குப் பகையன்று

எலும்பு மருத்துவம் படித்தவர்கள் நாட்டு வைத்தியத்தை இழிவாகப் பார்ப்பார்கள் என்ற எண்ணம் மக்களிடம் உள்ளது. சிலர் அப்படிப் பார்க்கவும் செய்கிறார்கள். எங்கள் துறையின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. நவீன எலும்பு மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவராகக் கொண்டாடப்படும் ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891), வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த பரம்பரை எலும்புக் கட்டு வைத்தியர் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தந்தை இவான் தாமஸ் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் எலும்பு கட்டும் தொழில் செய்தவர். மருத்துவப் பட்டம் பெறாதவர். மகன் முறையாக மருத்துவம் பயின்றார். தந்தையின் கைத்திறனையும் விடவில்லை. அவர் வடிவமைத்த தாமஸ் சட்டம் முதல் உலகப் போரில் தொடை எலும்பு முறிந்த வீரர்களின் உயிரிழப்பைப் பெருமளவு குறைத்தது. இன்றும் தொடை முறிந்து வரும் நோயாளியின் காலை அந்தச் சட்டத்தில் வைக்கிறோம்.

நம் சித்த மருத்துவத்தில் புற மருத்துவ முறைகள் முப்பத்திரண்டு என வகுத்துள்ளனர். கட்டு, பற்று, ஒற்றடம், தொக்கணம் ஆகியவற்றோடு, முறிந்த உறுப்பை அசையாமல் வைத்துக் கட்டும் கொம்பு கட்டலும் அவற்றுள் ஒன்று. அந்த முப்பத்திரண்டில் அறுவையும் ஒன்று என்பதை நினைவில் கொள்ள வேண்டும். "எங்களுக்கு நாட்டு மருத்துவம்தான், கத்தி வேண்டாம்" என்று சொல்வோர், நாட்டு மருத்துவமே கத்தியை ஒதுக்கவில்லை என்பதை அறிந்தால் நல்லது.

சித்த மருத்துவப் பட்டம் பெற ஐந்தரை ஆண்டுகள் படிக்க வேண்டும். சென்னை தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்கி வருகிறது. முறையாகப் படித்துப் பதிவு பெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவரையும், பேருந்து நிலையத்தில் கூவி விற்பவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது நியாயமன்று. அப்படிப் பேசும் மருத்துவரை நோயாளி நம்பாமல் போவதில் வியப்பும் இல்லை.

கட்டு வைத்தியம்: எங்கே சரி, எங்கே ஆபத்து

திருத்தணியைத் தாண்டித் திருப்பதி செல்லும் வழியில் உள்ள புத்தூரைப் பற்றித் தமிழ்நாட்டிலும் புதுவையிலும் அறியாதவர் குறைவு. பச்சிலை அரைப்பும் முட்டை வெண்கருவும் மூங்கில் சிம்பும் துணியும் கொண்டு போடப்படும் அந்தக் கட்டின் பெயரில், இன்று ஊர்தோறும் பலகைகள் தொங்குகின்றன. "என் பாட்டிக்குக் கை முறிந்தபோது புத்தூர் கட்டுப் போட்டே சரியானது" என்று சொல்லாத குடும்பம் அரிது.

அவர்கள் பொய் சொல்லவில்லை. முறிந்த எலும்பு தானே கூடும் இயல்புடையது. முறிந்த இடத்தில் இரத்தம் உறைந்து, அதன்மேல் மென்மையான திசு வளர்ந்து, பின்னர் அதுவே கெட்டியான எலும்பாகிறது. விலகாத முறிவுகள் பெரும்பாலானவை ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் கூடிவிடும். காறை எலும்பு, விலா எலும்பு ஆகியவற்றின் முறிவுகள் பல, கட்டே இல்லாமலும் கூடும். நாங்கள் போடும் மாவுக்கட்டும் எலும்பை ஒட்டவைப்பதில்லை. எலும்பு தன் வேலையைச் செய்யும்வரை அதை நேராகவும் அசையாமலும் பிடித்து வைக்கிறது. ஆகவே புகழில் பெரும்பகுதி கட்டியவருக்கு உரியதன்று, உடலுக்கே உரியது. இது எங்களுக்கும் பொருந்தும்.

அப்படியானால் மருத்துவமனை எதற்கு? எந்த முறிவு தானாக நேராகக் கூடும், எது கோணலாகக் கூடும், எது கூடவே கூடாது என்பதைக் கையால் தடவி மட்டும் அறிய முடியாது. எக்ஸ்ரே அதற்குத்தான். மூட்டுக்குள் சென்ற முறிவு, தொடை எலும்பின் கழுத்து முறிவு, தோலைக் கிழித்து வெளிவந்த முறிவு ஆகியவற்றைக் கட்டுப் போட்டுக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, கட்டின் இறுக்கம். முறிவுக்குப் பின் கையோ காலோ வீங்கும். வீங்கும் உறுப்பைச் சுற்றி இறுக்கமான கட்டு இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் தடைப்படும். ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்நிலை நீடித்தால் தசை மீளமுடியாதபடி அழியத் தொடங்கும். ஜெர்மன் அறுவை மருத்துவர் ரிச்சர்டு ஃபோன் ஃபோல்க்மன் 1881-இல் இதை விரித்து எழுதினார். விரல்கள் மடங்கிச் சுருங்கிப்போகும் அந்தக் குறைபாட்டுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. நிலை முற்றினால் உறுப்பையே நீக்க வேண்டிவரும். இந்த ஆபத்து நாங்கள் போடும் மாவுக்கட்டிலும் உண்டு. எங்களிடம் கட்டுப் போட்டவர்களிடமும் இவற்றை மறவாமல் சொல்லி அனுப்புகிறோம்:

கட்டுக்குப் பின் வலி குறையாமல் ஏறிக்கொண்டே போவது. விரல்கள் மரத்துப்போவது, வெளுப்பது, நீலம் பாய்வது அல்லது குளிர்ந்துபோவது. விரல்களை மற்றவர் மெல்ல நீட்டினாலே தாங்கமுடியாத வலி எடுப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும், கட்டு யார் போட்டதானாலும், இரவானாலும் பகலானாலும், உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். "கட்டினவரைக் கேட்டுவிட்டு வருகிறோம்" என்று காத்திருக்கும் ஓர் இரவு, ஒரு கையின் விலையாகிவிடலாம்.

இன்னும் ஒன்று, குறிப்பாகப் பெற்றோருக்கு. விளையாடும்போது விழுந்து முழங்கை வீங்கிய குழந்தைக்குச் சுளுக்கு வழிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். குழந்தைகளின் முழங்கை முறிவில், கைக்குச் செல்லும் முதன்மை இரத்தக் குழாய் எலும்புக்கு மிக அருகில் இருக்கிறது. மேலும், அடிபட்ட முழங்கையை எண்ணெய் விட்டு உருவினால் தசைக்குள் எலும்பு வளர்ந்து மூட்டு மடங்காமல் இறுகிப்போகலாம். எக்ஸ்ரே எடுத்து முறிவு இல்லை என்று உறுதி செய்யும்வரை எவர் கையும் அந்த முழங்கையை உருவ வேண்டாம்.

உள்ளுக்கு உண்ணும் மருந்துகள்

முடக்கத்தான் தோசையும் பிரண்டைத் துவையலும் நம் வீட்டு உணவுகள். உணவாக உண்ணும் அளவில் அவற்றை நிறுத்தச் சொல்ல எனக்குக் காரணமில்லை. பிரண்டையை எலும்பு முறிவுக்குத் தரும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. சிறு அளவிலான ஆய்வுகளும் நடந்துள்ளன. ஆனால் அது அறுவைக்கோ மாவுக்கட்டுக்கோ மாற்று என்று சொல்லும் அளவுக்குச் சான்று சேரவில்லை. மஞ்சளின் குர்குமின், சல்லகிப் பிசின் ஆகியவை மூட்டுத் தேய்மான வலியை ஓரளவு தணிப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. தேய்ந்த குருத்தெலும்பை அவை மீண்டும் வளர்த்துவிடும் என்பதற்குச் சான்றில்லை.

"மூலிகைதானே, என்ன கெடுதல் செய்துவிடும்?" என்பது நான் மிகுதியாகக் கேட்கும் வாசகம். எட்டியும் நாபியும் சேராங்கொட்டையும் மூலிகைகளே. அவற்றைச் சுத்தி செய்யாமல் பயன்படுத்தலாகாது என்று சொன்னவர்கள் சித்தர்களே. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின்கீழ் உள்ள விதிகளும், இத்தகைய நச்சுப் பொருட்கள் சேர்ந்த சித்த, ஆயுர்வேத மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்று உறையில் அச்சிடச் சொல்கின்றன.

உலோகங்களின் நிலையும் இதுவே. அமெரிக்காவின் பாஸ்டன் நகர்ப் பகுதிக் கடைகளில் விற்ற, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேத மருந்துகளை ஆராய்ந்தபோது 14 மருந்துகளில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன என்று 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. கொரோனாக் காலத்தில் நோய் எதிர்ப்பாற்றலுக்கென்று சீந்தில் கொடியைத் தொடர்ந்து உண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினர். அவர்கள் உண்டது உண்மையான சீந்தில்தானா, அதைப்போன்ற வேறு கொடியா என்று ஆயுஷ் அமைச்சகம் வினா எழுப்பியது. அந்த வினாவே நமக்கு ஒரு பாடம்: பொட்டலத்துக்குள் இருப்பது என்ன என்று வாங்குபவருக்கும் தெரியவில்லை, பல வேளைகளில் விற்பவருக்கும் தெரியவில்லை.

எங்கள் துறையில் நாங்கள் மிகவும் அஞ்சுவது கலப்படத்தைத்தான். மூலிகைப் பொடி என்ற பெயரில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகளையோ, டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளையோ பொடித்துக் கலப்பவர்கள் இருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் இருந்த வலி இரண்டு மூன்று நாட்களில் அடியோடு மறைந்தால் மகிழ்வதற்கு முன் ஐயப்படுங்கள். முகம் உப்புதல், பசி மிகுதல், சர்க்கரை அளவு ஏறுதல், பொடியை நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையாக வலி திரும்புதல் ஆகியவை அறிகுறிகள். நீண்ட நாள் ஸ்டீராய்டு எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும். இடுப்பு மூட்டுப் பந்துக்கு இரத்தம் செல்வதை நிறுத்தி அதை மடியச் செய்யும். மூட்டு வலிக்காகத் தின்ற பொடியே மூட்டை அழித்துவிடும். ஆனால் அதை நீங்களாகத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. நான் மேலே சொன்ன நோயாளியின் நிலை வரும். எங்களிடம் கொண்டு வாருங்கள்; படிப்படியாகக் குறைப்போம்.

அறுவைக்கு நாள் குறித்தவர்களுக்கு

மூட்டு மாற்று அறுவைக்கோ வேறு அறுவைக்கோ நாள் குறித்திருந்தால், உண்ணும் ஒவ்வொரு சூரணத்தையும் லேகியத்தையும் கஷாயத்தையும் மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரை வடிவில் எடுக்கும் பூண்டு, ஜின்கோ ஆகியவை இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாம். ஏற்கெனவே ஆஸ்பிரின், வார்ஃபரின் எடுப்போருக்கு இது இன்னும் முக்கியம். அமுக்கரா தூக்கத்தைத் தூண்டக்கூடியது. அதிமதுரத்தை மிகுதியாக நெடுநாள் உண்டால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். பொதுவாக இத்தகையவற்றை அறுவைக்கு இரண்டு வாரங்கள் முன்பே நிறுத்துமாறு மயக்க மருத்துவர்கள் கூறுவர். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

தோலையும் காப்பாற்றி வாருங்கள். எருக்கிலை ஒற்றடமும் கொதிக்கும் உப்பு மூட்டையும் சேராங்கொட்டைப் பூச்சும் கொப்புளம் உண்டாக்கி, குறித்த அறுவையை வாரக்கணக்கில் தள்ளிவைக்கச் செய்துள்ளன. முழங்காலின் மேல் ஒரு சிறு புண் இருந்தாலும் உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டில் கிருமி சேரும் அபாயம் உண்டு. சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாது. ஒற்றடத் துணியின் சூட்டை வீட்டில் வேறொருவர் தம் கையில் வைத்துப் பார்த்த பிறகே வையுங்கள். அறுவைக்குப் பின் காயம் முழுதும் ஆறி நாங்கள் சொல்லும்வரை அதன்மேல் எந்த எண்ணெயும் வேண்டாம்.

நாங்கள் மாற்றிக்கொள்ள வேண்டியது

மக்கள் ஏன் கட்டு வைத்தியரிடம் செல்கிறார்கள்? அறுவை மீதுள்ள அச்சம், செலவு, கூலி இழப்பு ஆகியவை காரணங்கள். இன்னொன்றும் உண்டு. அவர் நோயாளியின் அருகில் அமர்கிறார். வலிக்கும் இடத்தைத் தொட்டுப் பார்க்கிறார். எத்தனை நாளில் சரியாகும் என்று புரியும் மொழியில் சொல்கிறார். நாங்கள் ஒளிப்படலத்தை விளக்கின்முன் தூக்கிப் பார்த்துவிட்டு மூன்று நிமிடத்தில் அடுத்தவரை அழைக்கிறோம். நெரிசல் மிகுதி என்பது உண்மை. ஆனால் கேட்கும் முறையை மாற்ற நேரம் தேவையில்லை. "வேறு மருந்து எடுக்கிறீர்களா?" என்று விசாரணைபோலக் கேட்பதற்கு மாறாக, "நம் வீடுகளில் எல்லாரும் தைலமோ கஷாயமோ பயன்படுத்துவதுதான்; நீங்கள் என்ன பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேட்டால் விடை தானாக வருகிறது. சில ஆண்டுகளாக நான் அப்படித்தான் கேட்டு வருகிறேன். இளம் மருத்துவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. அடுத்த முறை வரும்போது தைலப் புட்டி, பொடிப் பொட்டலம், மாத்திரை டப்பா அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். உறையில் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள், சேர்ந்துள்ள பொருட்களின் பட்டியல் உள்ளனவா என்று பாருங்கள். இவை இல்லாத பொட்டலத்தை உட்கொள்ளாதீர்கள். முன்பே பல நாட்களாக உட்கொண்டு வருபவர்கள் மட்டும் எங்களைக் கேட்ட பிறகு நிறுத்துங்கள். எழுதிக் கொடுத்தவர் பதிவு பெற்ற சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவர் என்றால் அவருடைய சீட்டையும் கொண்டு வாருங்கள். எங்கள் சீட்டை அவரிடமும் காட்டுங்கள். எந்த மருந்தாலாவது தீய விளைவு ஏற்பட்டதாக நினைத்தால் 1800-180-3024 என்ற இந்திய மருந்து விழிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் தெரிவிக்கலாம்.

சென்ற மாதம் ஒரு பெரியவர் மூட்டு மாற்று அறுவைக்கு முன் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் மேசைமேல் கவிழ்த்தார். இரண்டு தைலங்கள், ஒரு லேகியம், பெயரில்லாத ஒரு பொடி. தைலங்களை அறுவை முடிந்து காயம் ஆறியபின் பயன்படுத்தலாம் என்றேன். லேகியத்தை மயக்க மருத்துவர் நிறுத்தச் சொன்னார். பொடி மூன்று வாரங்களாகத்தான் உண்டது என்றாலும், கார்ட்டிசால் அளவைப் பார்த்த பிறகே அறுவைக்கு அனுப்பினோம். அளவு சரியாகவே இருந்தது. அறுவையும் நல்லபடியாக முடிந்தது. அந்தப் பையைக் கவிழ்க்க அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நீங்களும் கொண்டு வாருங்கள். எவரும் கடிந்துகொள்ள மாட்டோம்.

— எலும்பு, மூட்டு அறுவை சிகிச்சைப் பிரிவு மருத்துவர், ரெட்டியார்பாளையம்